கார் ஒயில் ஒழுகினால்: நாமே திருத்துவதா, ஏஜென்டிடம் கொடுப்பதா?

காலையில் காரை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அது நின்ற இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. சீமெந்துத் தரையென்றால் உடனே கண்ணில் படும். மணல் முற்றமென்றால் மணல் குடித்துவிடும். மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் பல வீடுகளில் கார் மாதக்கணக்கில் ஒழுகியும் தெரியாமல் போவது அதனால்தான். ஒயில் லைட் எரிந்த பிறகுதான் தேடத் தொடங்குவார்கள். அதற்குள் எஞ்சின் தேய்ந்திருக்கும்.

எனது கார் 2007ஆம் ஆண்டு செய்த 1500 சிசி ஜப்பான் செடான். எஞ்சினும் கியர் பெட்டியும் சேரும் இடத்தில் ஒரு நாள் ஈரம் கண்டேன். கொழும்புக்குப் போயிருந்த நேரம் அங்கே கார் கம்பனியின் ஏஜென்ட் கராஜ் ஒன்றில் காட்டினேன். கீழே நின்று டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். கிராங்கின் (எஞ்சினின் சுழல் தண்டின்) பின் சீல் போய்விட்டது, கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதித் தந்தார்கள். சீல் ஒரு சின்ன ரப்பர் வளையம். கியர் பெட்டியை இறக்கி ஏற்றுகிற கூலிதான் அந்தத் தாளில் பெரிய தொகையாக நின்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று ஊருக்குத் திரும்பி, காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் காக்காவிடம் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) கொண்டுபோனேன். அவர் காருக்குக் கீழே போகவே இல்லை. பொனட்டைத் திறந்து, எஞ்சினின் பின்பக்கம் கையை விட்டுத் தடவி, விரலைக் காட்டினார்.

"தம்பி, ஒயில் மேல இருந்து கீழதான் வரும். கீழ பாத்தா எல்லாம் சீல் மாதிரித்தான் தெரியும். மேல துடைச்சிட்டு ரெண்டு நாள் ஓடுங்க, மறுகா வாங்க."

ஒழுகியது டப்பட் கவர் கேஸ்கட், அதாவது எஞ்சின் தலையின் மேல்மூடிக்குக் கீழே இருக்கும் ரப்பர் அடைப்பு. அதை நானே வீட்டு முற்றத்தில் ஒரு ஞாயிறு காலையில் மாற்றினேன். இன்றுவரை அந்த இடம் காய்ந்துதான் இருக்கிறது.

அந்த ஏஜென்ட் கராஜ் வேண்டுமென்றே ஏமாற்றியது என்று நான் நினைக்கவில்லை. துடைக்காமல் பார்த்தார்கள், அதுதான் பிழை. அன்றிலிருந்து ஒழுக்கு என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரியும்வரை யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், நீங்களும் ஒரு நட்டையும் கழற்ற வேண்டாம். இடம் தெரிந்துவிட்டால் நாமே செய்வதா, கொடுப்பதா என்ற கேள்விக்கு விடை அநேகமாகத் தானாகவே வந்துவிடும்.

நமக்கு இது முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. அதனால் நம்மிடம் ஓடுகிற கார்களில் பல பத்து, பதினைந்து, இருபது வருடப் பழையவை. எஞ்சின் சூட்டில் இத்தனை வருடம் வெந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிவிடும். இறுகிய ரப்பர் ஒழுகத்தான் செய்யும்.

முதல் வேலை: என்ன ஒழுகுகிறது?

இரவில் காரை மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினிலிருந்து நடுப்பகுதிவரை ஒரு பெரிய காட்போட் மட்டையைக் கீழே விரியுங்கள். முன் ரயர்கள் இரண்டும் எங்கே வருகின்றன என்று மட்டையில் பேனையால் குறித்துவிடுங்கள். இந்தக் குறி இல்லாவிட்டால், காலையில் மட்டையை இழுத்தெடுத்த பிறகு எந்தப் பக்கம் எது என்றே தெரியாது.

காலையில் பொட்டைப் பாருங்கள், தொடுங்கள், மணந்து பாருங்கள்.

நிறமே இல்லாமல், பிசுபிசுப்பும் மணமும் இல்லாமல், இடப்பக்க முன்சீட்டில் இருப்பவரின் காலடிக்கு நேர்கீழே இருந்தால் அது ஏசித் தண்ணீர். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏசி போட்டு ஓடினால் கோப்பைக் கணக்கில் வடியும். அது வடியாவிட்டால்தான் பிரச்சினை. குழாய் அடைபட்டுக் காருக்குள் கார்ப்பெட் நனையும்.

வெறும் தேத்தண்ணி நிறத்திலிருந்து கறுப்புவரை, வழுவழுப்பாக, முன்பக்கம் விழுந்தால் எஞ்சின் ஒயில். சிவப்பாக, மெல்லியதாக இருந்தால் ஓட்டோ கியர் ஒயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஒயில். கிட்டிய காலத்துக் கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங் மின்சாரத்தில் வேலை செய்வதால் அந்த ஒயிலே இருக்காது. முதலில் உங்கள் காரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஒயில் அல்லது டிஃப் (ரயர்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்லிணைப் பெட்டி) ஒயில்.

இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என ஏதோ ஒரு பளிச்சென்ற நிறத்தில், மணத்தில் ஓர் இனிப்போடு இருந்தால் கூலன்ட். இதை நாக்கில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. நாய், பூனை அதை நக்கிக் குடித்துச் செத்துப்போவது உண்டு. சிறு பிள்ளைகள் உள்ள வீடென்றால் பொட்டைக் கண்டவுடன் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

நிறமில்லாமலோ இலேசான மஞ்சளாகவோ, வழுக்கலாக, ரயரின் உட்பக்கத்தில் ஈரம் இருந்தால் பிரேக் ஒயில் என்று எடுத்துக்கொண்டு காரை அப்படியே விடுங்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒயிலா கூலன்டா என்று குழப்பமாக இருந்தால், ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு துளி விடுங்கள். எஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் மிதக்கும். கூலன்டும் பிரேக் ஒயிலும் தண்ணீரோடு கலந்துவிடும்.

எவ்வளவு குறைகிறது என்று அளந்து வையுங்கள்

பொட்டின் பருமனைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதல் அடையவும் வேண்டாம். ஒரு துளி ஒயில் தரையில் பெரிதாகப் பரவும். அளவு கோலில்தான் உண்மை தெரியும். எஞ்சின் ஆறிய பிறகு, மட்டத் தரையில், டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்குறிக்கும் மேற்குறிக்கும் இடையில் சுமார் ஒரு லீற்றர். இன்றைய மட்டத்தையும் கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதிவிட்டு, 500 கிலோமீற்றர் ஓடி மறுபடி பாருங்கள். குறி அசையவில்லை என்றால் அவசரமில்லை, ஆறுதலாகத் தேடலாம். பாதி இறங்கியிருந்தால் ஒழுக்கோடு எரிதலும் இருக்கக்கூடும். சைலன்சரில் நீலப்புகை வருகிறதா பாருங்கள்.

கூலன்ட் மட்டத்தை வெளியே தெரியும் பிளாஸ்டிக் தாங்கியில் பாருங்கள். ரேடியேற்றர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர். மூடி தளர்ந்த கணத்தில் முகத்துக்குப் பீறிட்டு வரும்.

பிரேக் ஒயில் மட்டம் மெதுமெதுவாக இறங்கியிருந்தால் அது ஒழுக்காக இருக்க வேண்டும் என்றில்லை. பிரேக் பேட் தேயத் தேய மட்டம் இயல்பாகவே இறங்கும். சடுதியாக இறங்கினால் ஒழுக்கு.

துடைத்துவிட்டுத் தேடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். இதில் இரண்டு மணித்தியாலம் செலவழியுங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஓல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் பொலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷ்ஷாலோ கடையில் விற்கும் டிகிரீசராலோ பழைய ஒயில் அழுக்கைத் தேய்த்துத் துணியால் எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ கூடாது. முழுவதும் காய்ந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சேர்விஸ் நிலையத்தில் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவுவது சுலபந்தான். ஆனால் அந்தத் தண்ணீர் பிளக் கொயில்களுக்குள் இறங்கி எஞ்சின் உதறத் தொடங்கினால் இன்னொரு செலவு. ஹைபிரிட் கார்களில் அந்த யோசனையே வேண்டாம்.

காய்ந்த பிறகு, சந்தேகமான இடங்களில் பேபி பவுடரை மெல்லிதாகத் தூவுங்கள். மட்டக்களப்பிலிருந்து செங்கலடி வரை போய்த் திரும்புகிற அளவு ஓட்டம் போதும். வந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு ஒன்று ஓடியிருக்கும். அந்தக் கோட்டை மேல்நோக்கிப் பின்தொடருங்கள். ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்குத் தள்ளும், நிற்கும்போது பாரம் அதைக் கீழே இழுக்கும். ஆகவே ஈரத்தில் மிக உயரமான, மிக முன்னால் இருக்கிற புள்ளிதான் ஊற்று. கைக்கு எட்டாத இடமென்றால் போனைக் கையில் பிடித்து உள்ளே விட்டு வீடியோ எடுங்கள். எஞ்சினின் பின்பக்கம் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒரு தரம் ஓடித் தெரியாவிட்டால் இரண்டு நாள் ஓடிவிட்டுப் பாருங்கள். சின்ன ஒழுக்கு வெளியே வர நேரம் எடுக்கும்.

இடம் தெரிந்துவிட்டது, இனி யார் செய்வது?

நான் மூன்று கேள்வி கேட்பேன். அது பிழைத்தால் உயிருக்கு ஆபத்தா? அதை எட்ட எவ்வளவு கழற்ற வேண்டும்? பூட்டிய பிறகு சரியா பிழையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

ட்ரெயின் நட்டு (ஒயிலை வடிக்கக் கழற்றும் அடி நட்டு) வாஷர், ஒயில் ஃபில்டர், டப்பட் கவர் கேஸ்கட், ரேடியேற்றர் ஹோஸ், ஹோஸ் கிளிப், ரேடியேற்றர் மூடி, பிசிவி வால்வு (அது என்னவென்று கீழே சொல்கிறேன்): இவை வீட்டு முற்றத்து வேலைகள். கை பழகினவர் ஒயில் பிரஷர் சுவிட்சையும் மாற்றிவிடலாம்.

தண்ணிப் பம்ப், டிரைவ் ஷாஃப்ட் சீல், கிராங்க் முன் சீல், ரேடியேற்றர் முழுதாக மாற்றுவது போன்றவற்றுக்கு ஏஜென்டிடம் ஓட வேண்டியதில்லை. கல்முனையிலோ ஏறாவூரிலோ அம்பாறையிலோ உங்கள் கார் மொடலை நாளும் பிரித்துப் பூட்டுகிற நல்ல கராஜ் ஒன்று போதும். சாமானை நீங்களே பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

ஏஜென்டிடமே போக வேண்டியவை வேறு. வொரன்டி இருக்கும் கார் என்றால் எந்த ஒழுக்கானாலும் கை வைக்காமல் கொண்டுபோங்கள். நீங்கள் கழற்றியது தெரிந்தால் வொரன்டியை மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும். சிவிடி என்கிற, பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியர் பெட்டியும் அங்கேதான். பலவற்றில் டிப்ஸ்டிக்கே இல்லை, குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்துத்தான் ஒயில் மட்டம் பார்க்க வேண்டும், வேறு வகை ஒயில் விட்டால் பெட்டியே போய்விடும். ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர் ஓடும் பக்கம் ஒழுக்கென்றால், அந்த வயர்களில் இருப்பது ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம். அதற்குப் பயிற்சி எடுத்தவர்கள் மட்டும் தொடட்டும்.

எஸ்டிமேட் கேட்கும்போது சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தைத் துடைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல கராஜ் இந்த மூன்றுக்கும் கோபப்படாது. கூலி சாமான் விலையைவிடப் பல மடங்கு என்றால், வேலையின் பெரும்பகுதி எட்டுவதற்காகக் கழற்றுவதுதான் என்று அர்த்தம். அந்த இடத்தில்தான் இன்னொருவரிடமும் காட்டிக் கேட்பது பலன் தரும். எனக்கு அப்படித்தான் கியர் பெட்டி தப்பியது.

கேஸ்கட் வாங்குமுன் பிசிவியைப் பாருங்கள்

இதைச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. எஞ்சினுக்குள் உருவாகும் காற்றழுத்தத்தை வெளியே எடுத்து மறுபடி எரிய விடுவது பிசிவி வால்வின் வேலை. ஒயில் கசடு பிடித்து அது அடைபட்டால், அழுத்தம் போக வழியில்லாமல் சீல்களையும் கேஸ்கட்களையும் தள்ளிக்கொண்டு ஒயில் வெளியே வரும். அந்த நிலையில் புதுக் கேஸ்கட் போட்டாலும் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே கிலுகிலு என்று சத்தம் கேட்க வேண்டும். பல கார்களுக்கு இது கேட்டு உறுதிசெய்ய ஒரு நிமிட வேலை. சத்தம் இல்லையென்றால் அதை முதலில் மாற்றுங்கள். விலை குறைந்த சாமான். ஒயில் மேற்குறிக்கு மேலே நிறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கூடுதலாக ஊற்றினாலும் ஒழுகும்.

டப்பட் கவர் கேஸ்கட்: படிப்படியாக

பழைய கார்களில் நான் அதிகம் கண்ட ஒழுக்கு இது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாலு சிலிண்டர் ஜப்பான் பெற்றோல் எஞ்சினை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

சாமான் வாங்கப் போகும்போது கார் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். செஸி நம்பரைக் கொண்டுபோங்கள். ஒரே பெயரில் ஓடும் காருக்கு இரண்டு, மூன்று வகை எஞ்சின் இருக்கும். கேஸ்கட்டைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். மெதுவாக, வெடிப்பில்லாமல் வளைய வேண்டும். வருடக்கணக்கில் கடையில் தொங்கி இறுகியதை வேண்டாம் என்று சொல்லுங்கள். சில எஞ்சின்களில் பிளக் இறங்கும் குழாய்களுக்கும் தனிச் சீல்கள் உண்டு. அவற்றையும் சேர்த்து வாங்குங்கள்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கட்டும். பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றி ஒதுக்குங்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுங்கள். பிளக் கொயில்களுக்கு 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டி இலக்கமிட்டு, இணைப்பைக் கழற்றி, 10 மில்லிமீற்றர் போல்ட்டை எடுத்து நேராக மேலே இழுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுங்கள். கொயில் அடி ஒயிலில் நனைந்து வந்தால் குழாய்ச் சீலும் போயிருக்கிறது. எஞ்சின் உதறியதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கும்.

கவரைச் சுற்றியுள்ள நட்டுகளை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நட்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணி வையுங்கள். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்பாதீர்கள். அது அலுமினியம். ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடம் என்றைக்கும் ஒழுகும். பலகைத் துண்டை வைத்து மெல்லத் தட்டினால் விட்டுவிடும்.

கவர் வந்தவுடன், செயின் ஓடும் முன்பக்கத் துவாரத்தை நூல் உதிராத சுத்தமான துணியால் மூடுங்கள். ஒரு நட்டோ கேஸ்கட் துண்டோ உள்ளே விழுந்தால், சிக்கனமாகத் தொடங்கிய வேலை எஞ்சினைப் பிரிக்கிற வேலையாகிவிடும். மழைக்காலத்தில் திறந்த முற்றத்தில் இதைத் தொடங்க வேண்டாம். வாடைக்காற்றுக் காலத்தில் மட்டக்களப்பில் மழை சொல்லிக்கொண்டு வராது.

பழைய கேஸ்கட்டைக் கையால் இழுத்தெடுங்கள். பள்ளத்தையும் கீழ்ப்பரப்பையும் துணியால் காயத் துடையுங்கள். மண்தாள் போட்டு உரசக் கூடாது. அந்தத் தூள் பேரிங்குக்குள் போகும். புதுக் கேஸ்கட்டைப் பள்ளத்தில் சுற்றிவர அமர்த்துங்கள். சிலிக்கோன் பசையைச் சுற்றிவரப் பூசாதீர்கள். செயின் கவரும் எஞ்சின் தலையும் சேரும் இரண்டு மூலைகளில் மட்டும் ஒரு பயறளவு போதும். கூடப் பூசினால் உட்பக்கம் பிதுங்கிக் காய்ந்த துண்டுகள் உடைந்து, ஒயில் பம்ப் உறிஞ்சுகிற வடிகட்டியை அடைத்துவிடும். மலிவான வேலை எஞ்சினைக் கொல்வது இப்படித்தான்.

பசை தோல் பிடிக்குமுன் கவரை நேராக இறக்குங்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். பெரும்பாலான சின்ன எஞ்சின்களுக்கு இவற்றின் இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீற்றர்தான். 10 சென்ரிமீற்றர் பிடியின் நுனியில் 10 கிலோ தொங்குவதற்குச் சமன். டோர்க் ஸ்பனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரட்செட்டைத் தலைக்குக் கிட்டப் பிடித்து விரல் பலத்தால் மட்டும் இறுக்குங்கள். தோள் பலம் போட்டால் கவர் வெடிக்கும், அல்லது போல்ட் முறிந்து உள்ளே நிற்கும்.

கொயில்களைப் படத்தைப் பார்த்துப் பூட்டுங்கள். பசை காய இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு, சுற்றிவர விரலால் தடவிப் பாருங்கள். பழைய ஒயில் சைலன்சர் குழாயில் எரிந்து கொஞ்சம் புகை வரலாம், அது அடங்கிவிடும்.

ட்ரெயின் நட்டும் ஒயில் ஃபில்டரும்

ஒயில் மாற்றிய மறுநாளே ஒழுகினால் வேறெங்கும் தேட வேண்டாம். ட்ரெயின் நட்டின் வாஷர் ஒரு தரம் நசுங்கினால் மறுபடி சரியாக நசுங்காது. ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் புதிது போடுங்கள். சின்ன ஜப்பான் கார்களில் நட்டு இறுக்கம் 35 முதல் 40 நியூட்டன் மீற்றர் அளவில் இருக்கும். இதற்கு மேல் இறுக்கி அலுமினியச் சட்டியின் மரை போன கார்களை நான் கண்டிருக்கிறேன். ஃபில்டரில் நடப்பது வேறு: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டி நின்றுவிடும், அதன்மேல் புது ஃபில்டரைப் பூட்டுவார்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் ஒயில் பீறிட்டு அடிக்கும். கழற்றியதும் பழைய வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா பாருங்கள். புது வளையத்தில் விரலால் ஒயில் பூசி, பரப்பைத் தொட்ட பின் கையால் முக்கால் சுற்று இறுக்குங்கள்.

இதற்குக் காரின் கீழே போக வேண்டும். இந்த இடத்தில் நான் மன்றாடிக் கேட்பது ஒன்று. ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்காதீர்கள். நம் கரையோர மணலில் ஜக் சாய்வதற்கு நிமிடம் தேவையில்லை. தடித்த பலகையோ கொங்கிரீட் கல்லோ கீழே வைத்து, அதன்மேல் ஜக் ஸ்டாண்ட் இரண்டு வையுங்கள். பின் ரயர்களுக்குக் கல் அணை கொடுங்கள். உள்ளே போகுமுன் காரைக் கையால் பலமாக அசைத்துப் பாருங்கள். வீட்டில் இன்னொருவர் நிற்க வேண்டும். ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம், கராஜுக்குப் போங்கள்.

கூலன்ட் ஒழுக்கு

ஹோஸ் முனையில் ஈரமென்றால் பெரும்பாலும் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் நுனி வெடித்திருக்கும். ஆறிய எஞ்சினில் ஹோஸை அமத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமிழ்ந்தாலும் கல் மாதிரி இறுகினாலும் மாற்ற வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். மேலே 0.9, 1.1 என்று எழுதியிருக்கும் இலக்கம் பழையதோடு பொருந்த வேண்டும். ரேடியேற்றரின் பிளாஸ்டிக் தலை வெடித்திருந்தால் பசை வைத்து ஒட்டுவதில் அர்த்தமில்லை.

கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றும் பழக்கம் நம்மிடம் அதிகம். கரையோரக் கிணறுகளில் உப்பு உண்டு. அந்த உப்பு அலுமினியத்தை உள்ளிருந்து தின்னும், ரேடியேற்றரின் நுண்குழாய்களில் படிவு கட்டும். பிறகு ஒழுகத் தொடங்கினால் ஒரு இடத்தோடு நிற்காது. கலந்து வரும் கூலன்ட் வாங்குங்கள், அல்லது அடர் கூலன்டோடு வடித்த நீரைச் சரிபாதி கலவுங்கள். பற்றரிக்கு விடும் வடித்த நீர் போதும். போத்தலைப் பார்த்து வாங்குங்கள், பற்றரி அசிட்டை மாறி எடுத்துவிடக் கூடாது. நிறைத்த பிறகு, ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒரு தரம் ஓடும்வரை காற்றுக் குமிழ் வெளியேற விடுங்கள். தொடக்கம் முதல் முடியும்வரை முகத்தை மூடிவாயிலிருந்து தள்ளியே வையுங்கள்.

ஒழுக்கை அடைக்கும் பவுடர், மஞ்சள்தூள் என்றெல்லாம் சொல்வார்கள். துளையை அடைக்கிற எதுவும் நுண்குழாய்களையும் அடைக்கும். நடுவழியில் வீடு சேர வேறு வழியே இல்லாதபோது தவிர வேண்டாம்.

கீழே பொட்டே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால், சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால், ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறினால், எஞ்சின் தலைக் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கராஜுக்கு இழுத்துக்கொண்டு போங்கள். வெள்ளத்துக்குள் ஓடிய பிறகு கியர் ஒயிலோ டிஃப் ஒயிலோ அதே நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். மார்கழி, தை வெள்ளத்தில் ரயரின் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் ஓடியவர்கள் இதை ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது.

பிரேக் ஒயிலும் பெற்றோலும்

பிரேக் ஒயில் ஒழுகினால் கராஜ்வரை மெதுவாக ஓட்டிப்போகலாம் என்று எண்ண வேண்டாம். பெடல் இன்றைக்கு இறுக்கமாக இருக்கும், நாளைக்குச் சந்தியில் தரைவரை போய்விடும். இழுத்துச் செல்லுங்கள், அல்லது கராஜ் ஆளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மட்டம் குறைந்ததென்று கையில் கிடைத்த ஒயிலை விடவும் கூடாது. எஞ்சின் ஒயிலோ ஸ்டீயரிங் ஒயிலோ பிரேக்குக்குள் போனால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிவிடும், முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டி வரும். மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருப்பதை மட்டும்தான் விடலாம். பிரேக் ஒயில் பெயின்டையும் தின்னும், காரின் வெளித்தகட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பெற்றோல் மணம் அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் அடுப்பையும் சிகரெட்டையும் அணைத்துவிட்டு, காரை வீட்டுச் சுவரோரத்திலிருந்து வெளியே தள்ளி ஆளைக் கூப்பிடுங்கள்.

நெடும்பயணத்துக்கு முன்

கொழும்புக்கோ கண்டிக்கோ போகிறவர்கள் புணானை, வெலிகந்தை வழியாகவோ மகா ஓயாப் பக்கமாகவோ காடு தாண்டித்தான் போக வேண்டும். இரவில் யானை இறங்கும் அந்தப் பாதைகளில் பொனட்டைத் திறந்து நிற்க யாருக்கும் விருப்பம் இருக்காது. பயணத்துக்கு முதல் நாள் மட்டங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். சின்ன ஒழுக்கு இருந்தால் அதே வகை ஒயில் ஒரு லீற்றர், கூலன்ட் ஒரு போத்தல் பின்னால் வையுங்கள். சிவப்பு ஒயில் லைட் எரிந்தால் அடுத்த ஊர்வரை பார்ப்போம் என்று ஓடாமல் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

பழைய ஒயில்

கழற்றிய ஒயிலைக் கையுறை போட்டே கையாளுங்கள். பாவித்த எஞ்சின் ஒயில் தோலில் நெடுக பட்டுக்கொண்டிருந்தால் புற்றுநோய்க்கு வழி செய்யும். வெற்று ஒயில் கானுக்குள் புனல் வைத்து ஊற்றி மூடி, பழைய ஒயில் சேர்க்கும் கராஜிலோ சேர்விஸ் நிலையத்திலோ கொடுங்கள். வடிகானில் ஊற்றினால் அது வாவிக்குத்தான் போகும். நாம் சாப்பிடும் இறாலும் நண்டும் அங்கேதான் வளர்கின்றன. கறையான் வராதென்று வேலிக் கட்டைக்குப் பூசுவதும் கிணற்றுக்குக் கிட்ட வேண்டாம். மணல் நிலத்தில் அது நேரே தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

வேலை முடிந்து 500 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி அதே காட்போட் மட்டையை ஓர் இரவு விரியுங்கள். பழைய பொட்டைப் பேனையால் வட்டமிட்டு வைத்திருந்தால், காலையில் புதிது விழுந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும்.